உப்புக்கு ஒரு கடிதம்

அன்புள்ள உப்பு,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, திட்டித் தீர்த்திருப்பாய். முட்டி அறுவை முடிந்து நடக்கத் தொடங்கிவிட்டாயாமே, உன் தங்கை சொன்னாள். படி ஏறி வீரம் காட்டாதே. இங்கே எல்லோரும் நலம். நான் இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

போன வாரம் பேத்தி, கடல் ஏன் கரிக்கிறது என்று கேட்டாள். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்ன பதிலைச் சொன்னேன். மழைநீரில் காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து லேசான அமிலமாகிறது, அது பாறையை அரிக்கிறது, அரிபட்ட உப்புகளை ஆறு கடலில் சேர்க்கிறது, வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆறு ஏன் கரிக்கவில்லை என்றாள். நாக்குக்கு எட்டாத அளவுதான் இருக்கிறது என்று சொல்லி, தண்ணீர் கொதித்து வற்றிய பாத்திரத்தின் அடியில் படிந்திருந்த வெண்மையைக் காட்டினேன். அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆறு நிற்காமல் கொண்டுபோய்க் கொட்டினால், கடல் வர வர இன்னும் அதிகமாகக் கரிக்க வேண்டுமே, ஏன் கரிக்கவில்லை?"

எட்டாம் வகுப்பில் நீ எழுந்து நின்று கேட்டாயே, அதே கேள்வி. பூகோள வாத்தியார் "உட்கார்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "உப்பு" என்ற அந்தப் பட்டப்பெயரை முதலில் கூவியதும் நான்தான்.

மூன்று நாள் வேறு வேலை ஓடவில்லை, படித்துக்கொண்டே இருந்தேன். நீ கேட்டதை உனக்கு முன்பே கேட்டவர் யார் தெரியுமா? வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி! கடலில் உப்பு ஏறும் வேகத்தை அளந்தால் பூமியின் வயதைக் கணக்கிடலாம் என்று 1715-இல் எழுதினார். பழைய கிரேக்கரும் ரோமானியரும் தங்கள் காலத்துக் கடலின் உப்பை அளந்து எழுதிவைக்கவில்லையே என்று வருந்தியும் இருக்கிறார். அந்த வருத்தத்தைப் படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். 1899-இல் ஜான் ஜாலி என்பவர் அந்தக் கணக்கைப் போட்டே பார்த்தார். கடலில் உள்ள சோடியத்தை, ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்தார். வந்த விடை 8 முதல் 9 கோடி ஆண்டுகள். ஆனால் 1956-இல் கிளேர் பாட்டர்சன், விண்கற்களிலுள்ள ஈயத்தை வைத்துச் சொன்ன வயது 455 கோடி.

ஜாலியின் வகுத்தல் சரிதான், உப்பு கடலை விட்டு வெளியே போகாது என்று அவர் எண்ணியதுதான் பிழை. உப்பு போகிறது, உப்பு! அலைச்சாரலோடு காற்றில் ஏறிக் கரைக்குத் திரும்புகிறது. கடலடிக் களிமண்ணும் எரிமலைப் பாறையும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. ஆறுகள் சோடியத்தைவிடக் கால்சியத்தையே அதிகம் கொண்டுவருகின்றன. ஆனாலும் கடலில் அது குறைவு, ஏனென்றால் சிப்பியும் பவளமும் அதை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது மத்தியதரைக் கடல். சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அதன் வாய் அடைபட்டுப் பெரும்பகுதி வற்றியது. அப்போது படிந்த உப்பு, சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கனமாக, இன்றும் அதன் அடியில் கிடக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போவதால்தான் கடல் ஒரு கிலோ நீருக்குச் சுமார் 35 கிராம் உப்போடு நிற்கிறது. உன் கேள்வி அப்படியே பலித்த இடமும் உண்டு. சாக்கடலுக்கு வெளியே போக வழியில்லை, அதனால் கடலைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு கரிக்கிறது. ஜாலி கண்டுபிடித்த அந்த எண்ணும் வீணாகவில்லை. சோடியம் கடலில் எவ்வளவு காலம் தங்கிவிட்டு வெளியேறும் என்பதைத்தான், தனக்கே தெரியாமல், அவர் கணக்கிட்டிருக்கிறார்.

இதையெல்லாம் சொன்னபோது பேத்தி குறுக்கே பேசாமல் கேட்டாள். முதலில் கேட்டது நீதான் என்பதையும், நாங்கள் சிரித்ததையும் சொன்னேன். "அந்தத் தாத்தாவுக்கு விடை தெரியுமா?" என்றாள். இன்னும் எழுதவில்லை என்றேன். "இன்றைக்கே எழுதுங்கள்" என்று காகிதத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

முட்டி ஆறியதும் வா, அவள் உன்னைப் பார்க்க வேண்டுமாம். அடுத்த கடிதத்தில் உன் சொந்தப் பெயரைப் போடட்டுமா? யோசித்து எழுது.

அன்புடன்,
ராமு