பட்டியலில் விடுபட்ட கேட்டோ மேனர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில், கடல் கடந்த தமிழரின் நாடகங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என விரிந்த கட்டுரை தென்னாப்பிரிக்காவுக்கு வந்ததும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. இங்கே வீடுகளில் தமிழ் தேய்ந்துவிட்டதால் நாடகமும் இல்லையாம். கட்டுரையாளர் எங்கள் நாடகாசிரியர் ரோனி கோவெந்தரைக் கேள்விப்படவே இல்லையா, ஆங்கிலத்தில் எழுதியவர் என்று ஒதுக்கிவிட்டாரா?

கோவெந்தர் 1934-இல் டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்தவர். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காய்கறி பயிரிட்டு, கோயில் எழுப்பி வாழ்ந்த இடம் அது. பள்ளி ஆசிரியராக இருந்தார். பத்திரிகைகளில் விளையாட்டுச் செய்தியும் எழுதினார். 1960-களின் தொடக்கத்தில் இயக்குநர் கிருஷ்ணா ஷா தாகூரின் நாடகமொன்றை இங்கே கொண்டுவந்தார். அதில் நடித்த நடிகையும் பாடகியுமான டங்குடூரி சூர்யகுமாரியை உங்கள் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருகை மூட்டிய ஆர்வத்தில்தான் 1964-இல் ஷா தியேட்டர் அகாடமி என்ற நாடக அமைப்பு உருவானது. அதைத் தொடங்கியவர்களில் கோவெந்தரும் ஒருவர்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது 1970-களில் வந்த 'தி லானீஸ் பிளஷர்' நாடகம். 'லானீ' என்றால் எங்கள் தெருப் பேச்சில் வெள்ளைக்கார முதலாளி. கரும்பு ஆலைகள் சூழ்ந்த மவுண்ட் எட்ஜ்கோம்பில், வெள்ளைக்காரர் ஒருவரின் ஹோட்டல். அதில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய மதுக்கூடம். முழு நாடகமும் அங்கேதான். மகளைப் பற்றிய கவலையோடு குடிக்க வந்த ஆலைத் தொழிலாளி, பரிமாறுகிற பையன், முதலாளி. இவ்வளவுதான் கதை என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் பேசுவது டர்பன் தெருவில் நம் ஆட்கள் பேசும் அதே ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் பேசினால் பிரம்படி விழக்கூடிய அந்தப் பேச்சை மேடையில் கேட்டு ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். முதலாளிக்கு முன்னால் குனிகிறவனைப் பார்த்துச் சிரிக்கும்போதே, குனிவது யார் என்பதும் உறைத்துவிடும். பிரசங்கம் செய்யாமல் இதைச் சாதித்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

ஒவ்வொரு இனத்தாரும் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த நிறவெறி அரசின் குழுப் பகுதிச் சட்டம் கேட்டோ மேனரைக் காலி செய்தது. அங்கிருந்த இந்தியக் குடும்பங்களில் பல எங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தன. அந்த ஊரைப் பிறகு 'அட் தி எட்ஜ்' என்ற நாடகத்தில் கோவெந்தர் மீட்டெடுத்தார். ஆண், பெண், கிழவர் என எல்லாரையும் ஒரே நடிகர் நடித்துக் காட்டுவார். அதே ஊரின் கதைகளைக் கொண்ட நூலுக்கு 1997-இல் ஆப்பிரிக்கப் பகுதிக்கான காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு கிடைத்தது. 142 பேர் மாண்ட 1949 ஜனவரி டர்பன் கலவரத்தையும் அவர் தொடாமல் விடவில்லை. இந்தியருக்கும் ஸூலு மக்களுக்கும் இடையே நடந்ததைப் பேச இங்கே இன்றும் பலருக்கு நா எழுவதில்லை.

அவர் 2021-இல் காலமானார். இப்போது 'தமிழர் பெருமை' என்று மாலை போட்டுவிடவும் வேண்டாம். இனவாரியாகப் பிரித்த அரங்குகளை எதிர்த்த கலைஞர் அவர். தென்னாப்பிரிக்க எழுத்தாளராகவே அவரை அறிமுகப்படுத்துங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் போதும். மலேசியப் பகுதியில் கொஞ்சம் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்