அஞ்சரை மணிநேரம் தொலைஞ்ச கதை

தக்கலை

மக்கா,

ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணினப்போ எடுக்க முடியலை, கோவிச்சுக்காதே. மார்த்தாண்டத்துல நான் பில்லிங் பார்த்துக்கொடுக்குற ஆஸ்பத்திரியில பார்மசி கணக்கு ரெண்டு வாரமா ஒத்துவரலை. அந்தச் சவத்தோடதான் மாரடிச்சுட்டிருந்தேன். அந்தக் கணக்கையெல்லாம் வச்சிருக்குற ஆரக்கிள் டேட்டாபேஸை எனக்குச் சொல்லித்தந்தவனே நீதான், கேளு.

விடியக்காலம் 5.15க்கு ஒரு அம்மா ஊசிமருந்து வாங்கின பில்லு. தேதி முந்தின நாள்! பகல் பில்லெல்லாம் சரி. பில்லுல மணி அச்சாகாது, அதான் பகல்ல யாருக்கும் பிடிபடலை. டேட்டாபேஸ்ல பில்லு வரிகள் கிடக்குற டேபிளைத் திறந்தா 23.45ன்னு கிடக்கு. சரியா அஞ்சரை மணிநேரம் குறைச்சல்.

அதைப் பார்த்ததுமே யூடிசின்னு, அதான் நமக்கு அஞ்சரை மணி பின்னாடி ஓடுற உலகப் பொது நேரம்னு, பொறி தட்டியிருக்கணும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சர்வர் பேட்டரி போயிருக்கும்னு சி.ஆர். 2032 வாங்க ஓடினேன். பேட்டரி போனா இப்படிக் கணக்குப் பார்த்தா தப்பும்? அடுத்து, யாராவது ஆரக்கிள்ல பிக்ஸ்டு டேட்ங்கிற செட்டிங்கைப் போட்டு நேரத்தைக் கட்டிவச்சிருக்காங்களான்னு பார்த்தேன். அப்படின்னா மணி நகரவே செய்யாது. இங்கே வினாடி ஓடுது.

கடைசியில சர்வர்லயே உட்கார்ந்து சிஸ்டேட் கேட்டேன், அதான் இப்போ மணி என்னன்னு ஆரக்கிள்கிட்ட கேக்குறது: நேரம் சரி. கவுண்டர்ல இருந்து அதே கேள்வி: அஞ்சரை மணி குறைவு. சிஸ்டேட் கவுண்டர் கம்ப்யூட்டரோட கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது, இல்லியா? அப்பதான் சர்வர்ல வாசல்காரன் மாதிரி நிக்கிற லிசனர் புரோகிராம் ஞாபகம் வந்துச்சு. வெளியில இருந்து வர்ற இணைப்பெல்லாம் அது வழியாத்தானே பிறக்குது. அது எந்த டைம்ஸோனோட கிளம்பிச்சோ, அதுதான் அதுல பிறக்குற இணைப்புகளுக்கும். கரண்டு போன அன்னைக்கு அதைத் திரும்பக் கிளப்பிவிட்டது சாட்சாத் நானேதான், யூடிசி போட்ட ஒரு பழைய கட்டளை ஸ்கிரிப்டை வச்சு.

இந்திய நேரத்துக்கான ஏசியா/கொல்கத்தா டைம்ஸோனைப் போட்டு லிசனரை நிறுத்திக் கிளப்பினேன். ஏற்கெனவே திறந்திருந்த கவுண்டருங்க பழைய நேரத்தையே பிடிச்சுட்டு நின்னுச்சு. வெளியே வந்து மறுபடி லாகின் பண்ணின பிறகுதான் திருந்திச்சு.

மேனேஜர், "நேரம் எப்படிங்க ரெண்டா இருக்கும்?"னார். இந்திய நேரமே 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டுக்குத்தான் சார், நாம 77.25 பக்கம் இருக்கோம், நம்ம சூரியன் உச்சிக்கு வர்றதே சராசரியா 21 நிமிஷம் பிந்தித்தான்னேன். அவருக்குக் கணக்கு ஒத்தா போதும்.

இனி பழைய வரிகள். எல்லாத்துலயும் 330 நிமிஷம் கூட்டிவிட்டுட்டு சாயா குடிக்கப் போகலாம்னு கை துறுதுறுத்துச்சு. நல்லவேளை போகலை. ராத்திரி ஸ்டாக் கணக்கு சர்வருக்குள்ளயே ஓடுறது, லிசனரைத் தொடாது. அந்த வரியெல்லாம் முன்னாடியே சரி! டேபிளை நகல் எடுத்துவச்சுட்டு, கவுண்டர் பில்லை மட்டும் பிரிச்சுத் திருத்தினேன்.

இன்னும் ஒண்ணு உறுத்துது. மருந்து காலாவதி பார்க்குற இடத்துலயும் சிஸ்டேட்தான் போட்டிருக்கேன். முந்தின நாள் தேதியில ஏதாவது நழுவிப் போச்சான்னு இன்னைக்கு ராத்திரி உட்காரணும். ஓணத்துக்கு வர்றப்போ லேப்டாப்பையும் எடுத்துட்டு வா, அந்த ஸ்கிரிப்டை நீயே ஒருமுறை பாரு. அம்மைட்ட நான் கேட்டதாச் சொல்லு. மட்டி வாழைக்குலை ஒண்ணு உனக்குன்னு வெட்டாம விட்டிருக்கேன்.

உன் பழைய பெஞ்சு கூட்டாளி