கழுத்தை அசையாமல் காத்தவர்களுக்கு நன்றி

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மக்களுக்கு வணக்கம்.

கழுத்துத் தண்டுவடம் நசுங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி குழு எழுதுகிறோம். அவர்கள் எங்களிடம் வந்து சேரும்முன் பாதி வேலையை நீங்கள் முடித்துவிடுகிறீர்கள்.

முதல் நன்றி, விழுந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காமல் இருந்த துறைமுகத் தொழிலாளிகளுக்கு. தூக்கி உட்காரவைப்பதுதான் நம்மூர் வழக்கம். கழுத்து எலும்பு விலகியிருந்தால், மிச்சமிருக்கும் நரம்பும் அதில் நசுங்கிவிடும். ஒருவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்ள, 108 வந்ததும் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றாகத் திரும்பும்படி புரட்டிப் பலகையில் ஏற்றினீர்கள்.

ராத்திரி என்றும் பாராமல் எம்ஆர்ஐ எடுத்து, தியேட்டரைத் தயார் செய்தவர்களுக்கு அடுத்த நன்றி. அடிபட்ட இடத்தில் வீக்கம் ஏற ஏற ரத்த ஓட்டம் குறைந்து, பக்கத்து நரம்புகளும் சாகின்றன. 2012இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தவர்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பேர் ஆறு மாதத்தில், உணர்வையும் அசைவையும் அளக்கும் அளவுகோலில் இரண்டு படியோ அதற்கு மேலோ முன்னேறினார்கள். தாமதமானவர்களில் 9 சதவீதம்தான். எல்லாருக்கும் கிடைக்கும் பலன் அல்ல, ஆனாலும் அவசரப்படக் காரணம் போதும். சராசரி ரத்த அழுத்தம் (மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைப்பட்டது) 75–80க்குக் கீழே இறங்காமல் நாள்கணக்கில் கண்விழித்துப் பார்த்த நர்சுகளை யாரும் பாராட்டுவதில்லை. நாங்கள் பாராட்டுகிறோம்.

கழுத்துத் தேய்மானத்தால் மெல்ல மெல்ல நசுங்குகிறவர்களின் கதை வேறு. பலருக்கு வலியே இருக்காது. சட்டைப் பொத்தான் போட வராது, காலிலிருந்து செருப்பு கழன்றதுகூடத் தெரியாது, நடை தள்ளாடும். சர்க்கரையால் நரம்பு போச்சு என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவார்கள். கையை மூடித் திறக்கச் சொல்லுங்கள்: 10 விநாடியில் 20 தடவை வர வேண்டும். வராவிட்டால் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். அப்படிப்பட்டவர் கழுத்தில் சொடக்கு எடுக்க மாட்டேன் என்று மறுத்த சலூன்காரருக்கும், சுளுக்கு எடுக்கும் பெரியவருக்கும் தனி நன்றி. இவர்களுக்கு அறுவை சிகிச்சை முக்கியமாக மேலும் மோசமாகாமல் தடுக்கத்தான். போனது எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு காலம் நசுங்கிக் கிடந்தது என்பதையும் பொறுத்தது. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் அதிகம், பிறகு மெதுவாகத்தான்.

கடைசியாக வீட்டுப் பெண்களுக்கு. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தீர்கள்; 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் விட்டுச் சிறுநீர் எடுத்தீர்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள் அம்மா: கழுத்தில் அடிபட்டு, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் வலி, முகத்தில் வியர்வை வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, டியூப் மடங்கியிருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் 108.

நன்றியுடன்,
வடசென்னை பிசியோதெரபி குழுவினர்