கிரெனடாவைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கரீபியன் தீவுகள் என்றாலே கிரிக்கெட், இல்லாவிட்டால் புயல், இவ்வளவுதான் நம் பத்திரிகைகளில் வருகிறது. கிரெனடாவை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தமே 344 சதுர கிலோமீட்டர், நம் வேலூர் மாவட்டத்துக்குள் அதைப் பல தடவை அடக்கிவிடலாம். முதலில் பிரெஞ்சுக்காரர்கள், அப்புறம் பிரிட்டிஷார், 1974இல்தான் விடுதலை.

நேதாஜி மார்க்கெட்டில் பிரியாணிக்கு ஜாதிபத்திரி வாங்குகிறோமே, அது கிடைக்கிற ஜாதிக்காயைத் தேசியக் கொடியிலேயே வைத்திருக்கிற நாடு அது. ஜாதிக்காய் விளைச்சலில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தது, 2004 செப்டம்பரில் ஐவன் புயல் வந்து பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. இது நெல் மாதிரி இல்லை, புதுக்கன்று காய்க்கவே ஏழெட்டு வருடம் ஆகும், அதுவரை விவசாயி எதைச் சாப்பிடுவான்?

இப்போது சுற்றுலாவோடு, தலைநகர் செயின்ட் ஜார்ஜஸுக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகமும்தான் பெரிய வருமானம். வெளியூர் மாணவர்களை நம்பி வாடகை வீடும் மெஸ்ஸும் ஓடுவது வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1983இல் அமெரிக்கப் படை அங்கே இறங்கியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றே, அந்த மாணவர்களின் பாதுகாப்புதான்! (நம்புகிறவர்கள் நம்பலாம்.)

ஞாயிறு இணைப்பில் சினிமா துணுக்கைக் கொஞ்சம் குறைத்து, இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள் சார்.

ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர்.