உன் ஊருக்குப் போய்விட்டு வந்தேன்

பாளையங்கோட்டை,
அக்டோபர் 18.

எலே சுப்பையா,

உன் கடிதம் வந்தது சித்திரையில். இப்போது ஐப்பசி. திட்ட வேண்டியதை எல்லாம் முதலில் திட்டி முடித்துவிட்டு, அப்புறம் மேலே படி. எனக்குச் சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுக்கு முழங்கால் வலி. சின்னவன் வேலை மாறிவிட்டான். சம்பளம் கூட, தூக்கம் குறைவு. நலம் விசாரிப்பு முடிந்தது. உன் கண் ஆபரேஷன் என்னாயிற்று என்று போனில் கேட்டால், உன் மகன் "நல்லாருக்காங்க மாமா" என்று வைத்துவிடுகிறான். இதை நீயே படிக்கிறாயா, மருமகள் படித்துக் காட்டுகிறாளா? அவள் படிப்பதாக இருந்தால் நாலாம் பக்கம் வந்ததும் வாங்கி வைத்துக்கொள். அது உனக்கு மட்டும்.

விஷயம் இதுதான். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன் ஊருக்குப் போய்விட்டு வந்துவிட்டேன்.

எங்கள் பென்ஷன் பட்டாளம் மாசம் ஒரு வேன் பிடிப்பது உனக்குத் தெரியும். விடிந்ததும் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டும். மாத்திரை டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் இல்லாதவனுக்கு சீட் கிடையாது. ஆகஸ்டில் ஆதிச்சநல்லூர் போனோம். 1876-ல் யாகோர் என்ற ஜெர்மன்காரர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தப் பரம்புதான். இப்போது தோண்டிய குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி பரப்பியிருக்கிறார்கள். நம் காலுக்கு நேர் கீழே முதுமக்கள் தாழிகள். பால்ராஜ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் கண்ணாடி மேல் ஏறினான். "எவம் வீட்டுப் பாட்டனோ" என்றான். நம்ம பால்ராஜ்! கோயிலுக்குள்ளேயே செருப்போடு நுழையப் பார்த்தவன்.

இந்த மாசம் காயத்தாறு, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் என்று ஒரு சுற்று. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட அக்டோபர் 16-ந் தேதியே போவது என்று பால்ராஜ் பிடிவாதம். பேத்தி மீனுவும் ஒட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வயசு, பள்ளிக்கூடத்தில் ஏதோ ப்ராஜெக்ட். பதினாலு கிழவர்களுக்கு நடுவில் அந்த ஒரு பிள்ளை கையில் நோட்டோடு.

காயத்தாற்றில் கூட்டமான கூட்டம். கொடி கட்டின கார்கள், ஆளுயர மாலைகள், மாலை போடுவதற்கு வரிசை, வரிசையில் நிற்க மாட்டோம் என்று ஒரு தகராறு, நடுவில் போலீஸ். அந்த இடத்தை சிவாஜி கணேசன் தன் காசில் வாங்கி 1970-ல் சிலை வைத்தார். அதற்கு முன்னால், அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை அங்கே போட்டுவிட்டுப் போவார்கள், அது குவிந்து கிடந்தது என்று என் ஆச்சி சொல்லுவாள். மாலையும் மைக்கும் இல்லாத மரியாதை. நான் மீனுவிடம் அதைச் சொன்னேன், அவள் குனிந்து ஒரு கல்லைத் தேடினாள். எல்லாம் சிமெண்டுத் தரை. கல் ஏது?

ஒருத்தர் மைக்கைப் பிடித்தார். யார் என்று எழுதவில்லை, ஊருக்கு ஊர் இருப்பார்கள். இருபது நிமிஷம் பேசிவிட்டு, "எட்டப்பன்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார்கள்" என்று முடித்தார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஐம்பது வருஷப் பழக்கம்.

வேனில் ஏறியதும் மீனு நோட்டைத் திறந்தாள். லைப்ரரிப் புத்தகத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறாள். "தாத்தா, கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்தது புதுக்கோட்டை ராஜான்னு இதுல இருக்கே. அப்புறம் எதுக்கு எட்டப்பன்னு சொல்றாங்க?"

எலே, நானும் பி.ஏ. சரித்திரம்தான். எனக்கு இது தெரியாதா? தெரியும். 1799 செப்டம்பர் 5-ல் கம்பெனித் தளபதி பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். கோட்டையை விட்டு வெளியேறியவரை எட்டயபுரத்து ஆட்கள் கம்பெனிப் படையோடு சேர்ந்து துரத்தினார்கள். கோலார்பட்டிச் சண்டையில் கட்டபொம்மனின் மந்திரி தானாபதிப் பிள்ளை அகப்பட்டார், அவரை நாகலாபுரத்தில் தூக்கில் போட்டார்கள். கட்டபொம்மன் தப்பிப் புதுக்கோட்டைச் சீமைக் காட்டுக்குப் போனார். அங்கே பிடித்துக் கொடுத்தது தொண்டைமானுடைய ஆட்கள். எல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். ஆனால் அந்தப் பிள்ளை கேட்கும்வரை, பரீட்சையில் எழுதியதையும் வாயால் ஏசுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

உடனே உன் ஊர்க்காரனுக்கு வக்கீல் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. எட்டயபுரம் கம்பெனி பக்கம்தான் நின்றது. 1801-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை திரும்பக் கோட்டை கட்டியபோதும் எதிர்ப்பக்கம்தான். கடைசியில் பாஞ்சாலங்குறிச்சி கிராமங்களைப் பங்கு போட்டபோது எட்டயபுரத்துக்கும் கிடைத்தது. இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. இரண்டு பாளையத்துக்கும் எல்லைத் தகராறு; அடுத்த வயல்காரன் மேல் இருக்கிற கோபம் ஏழு கடல் தாண்டி வந்தவன் மேல் வரவில்லை. ஆனால் காட்டிக்கொடுப்பவனுக்கு ஒரு பேர் வேண்டுமென்றால் ஏன் அந்த ஒரு பேர்? யாரையாவது "போடா தொண்டைமான்" என்று ஏசிக் கேட்டிருக்கிறாயா? 1959-ல் படம் வந்தது, வி.கே.ராமசாமி எட்டப்பனாக வந்து நின்றார், தீர்ந்தது கதை.

இன்னொன்று தெரியுமா? உனக்குத் தெரியும், நீ சொல்லியிருக்கிறாய், நாங்கள்தான் கேட்கவில்லை. எட்டப்பன் என்பது ஒரு ஆளுடைய பேர் இல்லை, அந்த வம்சத்துப் பட்டம். முன்னோர் ஒருவர் சோமன் என்ற மல்லனைக் கொன்றுவிட்டு, அவனுடைய தம்பிமார் எட்டுப் பேர் அனாதையாக நின்றதைப் பார்த்து அவர்களை வளர்த்தாராம். எட்டுப் பேருக்கு அப்பன், எட்டப்பன். கதையோ நிஜமோ, பேர் வந்த வழி இப்படி. அதைப் போய் நாம் என்ன ஆக்கி வைத்திருக்கிறோம், பார்.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்க முக்கால் மணி நேரம் போயிற்று. புவிசார் குறியீடு வாங்கியபிறகு கடைக்காரர்களுக்குக் கொஞ்சம் மிதப்புதான். அதை விடு.

எட்டயபுரம். கரிசல் முழுக்கப் பச்சை, நாலு மழை பெய்திருக்கிறது. பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம் இரண்டும் பார்த்தோம். கல்கி ஊரெல்லாம் பணம் திரட்டி, ராஜாஜி 1945-ல் அடிக்கல் போட்டு 1947-ல் திறந்த மண்டபம். பதினோரு வயசுப் பையன் சுப்பிரமணியத்துக்கு "பாரதி" பட்டம் கிடைத்ததும் எட்டயபுரத்துச் சபையில்தான். முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளி அன்றைக்கு உயிரை விட்டதும் அந்த ஊரில்தான். சமாதியில் நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஆள் இல்லை. சீறாப்புராணம் பாடின உமறுப்புலவர் அடங்கியதும் அங்கேதான். ஒரு அய்யர், ஒரு முஸ்லிம் புலவர், ஒரு வித்வான், மூன்று பேரும் ஒரே சின்ன ஊரில்! இந்த ஊரிலிருந்து வந்தவனைப் பார்த்து காலேஜில் முதல் வருஷம் முதல் நாள் நான் கேட்டது என்ன? "எட்டப்பன் ஊரால?"

அன்றைக்கு விழுந்த பேர்தானே உனக்கு. எட்டு.

உன் தெருவைக் கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிவாசல் பக்கம் திரும்பி மூன்றாவது சந்து என்று ஞாபகம் இருந்தது. ஓடு பாதி போய்விட்டது. உன் அய்யா நட்ட வேம்பு கூரைக்கு மேலே நிற்கிறது. திண்ணைத் தூணில், தரையிலிருந்து ரெண்டு சாண் உயரத்தில், ஆணியால் கீறின எழுத்து: சு.சுப்பையா எஸ்.எஸ்.எல்.சி. "சி"யின் மேல் வளைவு மட்டும் தேய்ந்துவிட்டது. அவ்வளவு கீழே எதற்குடா எழுதினாய்? படுத்துக்கொண்டு எழுதினாயா? மீனு தரையில் உட்கார்ந்து படம் எடுத்தாள், அனுப்பச் சொல்கிறேன். எதிர்வீட்டுச் சரசக்கா இன்னும் இருக்கிறாள். என்னை அடையாளம் தெரியவில்லை. உன் பேரைச் சொன்னதும், "அவம் கண்ணு எப்படி இருக்கு?" என்றாள். கோயம்புத்தூரில் நடந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கே இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும்.

இனிமேல் உள்ளது உனக்கு மட்டும்.

1974. ஆறு பேர் ஹாஸ்டல் ஜன்னல் கம்பியைக் கழற்றிக்கொண்டு இரண்டாம் ஆட்டம் போனோமே. போன படமும் அதே கட்டபொம்மன், பழைய பிரிண்ட், பாதியில் இரண்டு தடவை அறுந்தது. மறுநாள் மத்தியானம் வார்டன் ஆறு பேரையும் வரிசையில் நிற்க வைத்தார். பதினைந்து நாள் மெஸ் கட், வீட்டுக்குக் கடிதம். உன் அய்யா பஸ் ஏறி வந்து வார்டன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். யார் சொல்லியிருப்பார்கள் என்று பேச்சு வந்தபோது பால்ராஜ் யோசிக்கவே இல்லை. "எட்டயபுரத்துக்காரனைக் கூட வச்சுக்கிட்டு யாருன்னு கேக்கியே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க உன்னோடு ஒருத்தனும் சினிமாவுக்கு வரவில்லை. நீயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

சொன்னது நான்.

காலையில் குழாயடியில் வார்டன் என்னைத் தனியாகப் பிடித்தார். பேர் கேட்டார், சொல்லவில்லை. அது சத்தியம். "எத்தனை பேர், அதை மட்டும் சொல்" என்றார். ஆறு என்றேன். ஆறு என்றால் எந்த அறை என்று அவருக்குத் தெரியாதா? நம் அறையில்தானே ஆறு கட்டில். பேர் சொல்லவில்லை, பேர் சொல்லவில்லை என்று ஐம்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னை எட்டு என்று கூப்பிடும்போதெல்லாம் கூட நின்று சிரித்திருக்கிறேன். உன் கல்யாணத்தில் மைக்கில் சொல்லிச் சிரித்தேன். உன் மாமனார் முகம் மாறியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர மணி மூன்றரை. 1974-ல் அரசாங்கம் கட்டின நினைவுக்கோட்டை, உள்ளே சுவர் முழுக்கப் படம். ஜோடிப்பு அதிகம், எனக்கு அது ஒட்டவில்லை. அதற்கு அந்தப் பக்கம் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், பழைய கோட்டையின் அஸ்திவாரம். அவ்வளவுதான் மிச்சம். 1801 மே மாசம் பிடித்தபிறகு இடித்துத் தரைமட்டமாக்கி ஆமணக்கு விதைத்தார்கள் என்பார்கள். பாளையில் நாம் அந்த இரண்டாம் ஆட்டத்துக்குப் போன வழியில் மேடைப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறதே, ஊமைத்துரையை அடைத்து வைத்திருந்த இடம் அதுதான் என்று சொல்வோமே, அங்கிருந்து தப்பித்து வந்து அவர் திரும்பக் கட்டினது இதைத்தான். சில நாளில் எழும்பின மண்கோட்டை. வேலிக்குள் இரண்டு ஆடு மேய்ந்தது. பால்ராஜ் என் பக்கத்தில் நின்றான். அவனிடம் சொல்லிவிட்டேன், குழாயடி விஷயத்தை. கொஞ்ச நேரம் ஆட்டையே பார்த்தான். "எனக்கு அப்பவே சந்தேகம்தாம்ல" என்றான். "அப்புறம் ஏம்ல எட்டைச் சொன்ன?" என்று கேட்டேன். "நீ எனக்கு ஃபீஸ் கட்ட நூறு ரூபா கொடுத்திருந்தியே" என்றான்.

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. வீட்டைப் பார்க்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட அதே தேதி. மீனுதான் கண்டுபிடித்துச் சொன்னாள். வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சி கலெக்டர் ஆஷைச் சுட்ட இடத்தைப் பார்க்காமலே கடந்துவிட்டோம்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன நினைப்பாயோ. "அதான் எனக்குத் தெரியுமே" என்று மட்டும் எழுதிவிடாதே. ஏசி எழுது.

டிசம்பர் 11 பாரதி பிறந்தநாளுக்கு எட்டயபுரம் போகிறோம். சின்னப் பிள்ளைகள் முண்டாசும் ஒட்டு மீசையுமாக வரும், பார்க்க நன்றாயிருக்கும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நீ முந்தின நாளே இங்கே வந்துவிடு. ஜன்னல் சீட் உனக்குத்தான். சரசக்காவிடம் வருவாய் என்று சொல்லிவிட்டேன், இனி வராமல் இருக்க முடியாது.

உன்,
முத்து.

பி.கு. கடலை மிட்டாய் இரண்டு கிலோ பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு பாக்கெட் பிரிந்திருந்தால் அது மீனு.