மருத்துவ முகாம் முடிந்த மறுநாள் யார் வருகிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புற மக்களின் உடல்நலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், புகையிலையை விட வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பது எல்லாம் சரி. ஆனால் அதைக் கேட்ட கிராமத்துக்காரர் ஒருவருக்கு அடுத்த நாள் என்ன வழி இருக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

என் அம்மா வயலில் உழைத்தவர். ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். ஒருநாள் சாயங்காலம் கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் முள் முறிந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டால், "தெரியலையே, வலிக்கவே இல்லையே" என்றார். குத்தி இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் சர்க்கரை நோய் பல வருடங்களாகவே உள்ளே இருந்தது தெரிந்தது. பாதத்து நரம்புகள் அதற்குள் மரத்துப் போயிருந்தன. இரண்டு விரல்களை எடுத்தார்கள். குத்திய அன்றைக்கு வலித்திருந்தால் அன்றைக்கே முள்ளை எடுத்திருப்போம்.

கிராமத்தில் நோய் என்றால் வேலைக்குப் போக முடியாமல் படுத்துக்கொள்வது. எழுந்து நடமாடுகிறவரை நோயாளி என்று யாரும் சொல்வதில்லை, அவரும் ஒத்துக்கொள்வதில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் படுக்க வைக்காமலேயே பத்து வருடம் கூட இருக்கும். உலகில் 30 முதல் 79 வயதுக்குள் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக்குறைய 128 கோடி என்றும், அவர்களில் 46 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்குச் சொன்னது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ, என் அம்மாவைப் போல உள்ளே இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் எத்தனை பேரோ என்று அன்றிலிருந்து நினைத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு நேர்ந்த பிறகு, ஊருக்கு வரும் செவிலியரிடம் பி.பி. கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டு, அவரோடு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். முதல் மாதமே ஒரு பெரியவர். வயலிலிருந்து நேராக வந்தவர், கையை நீட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லி, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வைத்தோம். கையில் பட்டையைச் சுற்றி அளந்தால் 178க்கு 104, மிக அதிகம். சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தோம், பெரிய மாற்றமில்லை. "தலைவலிகூட இல்லையேம்மா, உங்க மெஷின்தான் கோளாறு" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "மாத்திரை ஆரம்பிச்சா சாகிற வரைக்கும் விட முடியாதாமே?" அவருடைய பயம் நோயைப் பற்றியது இல்லை, மாத்திரையைப் பற்றியது. அந்தப் பயத்தைத் துண்டுப் பிரசுரம் போக்காது. அதே செவிலியர் அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் வந்து, அளவு இறங்குவதை அவர் கண்ணாலேயே பார்க்க வைத்த பிறகுதான் போயிற்று.

இது எங்கள் ஊர் அனுபவம் மட்டும் இல்லை. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய 3 நாடுகளின் கிராமப்புறங்களில் ரத்த அழுத்தம் உள்ள 2,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. சுகாதாரப் பணியாளர்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய் அளந்தார்கள், பேசினார்கள், அளவு மிகுந்தவர்களைப் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2 வருட முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்த இடங்களைவிட அங்கே ரத்த அழுத்தத்தின் மேல் அளவு, அதாவது இரண்டு எண்களில் முதலாவது, சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது. 5 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஒரு வட்டாரத்தின் சராசரியே அந்த அளவு இறங்கினால் பக்கவாதமும் மாரடைப்பும் எவ்வளவோ குறையும்.

அதனால்தான் ஒருநாள் மருத்துவ முகாம்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. காலையில் பந்தல் போட்டு, நூறு பேருக்கு அளந்து, சீட்டில் எழுதிக் கொடுத்து, மாலையில் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்களின் பட்டியல் யாரிடம் இருக்கிறது? அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்? முகாம் நடத்துகிறவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தில் ஊரில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்து வருடம் முழுக்க வைத்திருந்தால் பலன் பல மடங்கு இருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

மாத்திரை கிடைக்கும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால், கூலி வேலை செய்கிறவருக்கு மாதத்தில் இரண்டு நாள் கூலி போகிறது. அறுவடை நேரத்தில் அவர் வரமாட்டார். வராதவரை 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதி வைக்கிறோம். அளவு நிலையாக இருப்பவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

நோய் வந்த பிறகு பார்ப்பதைப் பற்றியே எழுதிவிட்டேன். வராமல் தடுப்பதற்கும் ஊரே சேர வேண்டும். பின்லாந்தின் கிழக்கு எல்லையில் வட கரேலியா என்று ஒரு பகுதி. காடும் பண்ணையுமாக இருந்த அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பில் வரிசையாக இறந்துகொண்டிருந்தார்கள். உதவி வேண்டும் என்று மக்களின் பிரதிநிதிகளே 1971இல் அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. வெண்ணெயும் உப்பும் புகைபிடிப்பதும்தான் அங்கே சிக்கல். வெண்ணெயைக் குறை என்று பால் பண்ணைக்காரரிடம் சொன்னால் அவர் பிழைப்பு என்ன ஆவது? அதனால் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற விவசாயிகளுக்கு உதவினார்கள். பெண்கள் சங்கங்கள் கூட்டம் கூட்டிப் புதிய சமையலைச் செய்து காட்டின. உணவு தயாரிப்பாளர்களிடம் பேசி உப்பையும் கொழுப்பையும் குறைக்க வைத்தார்கள். சுமார் 35 வருடத்தில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. தனி மனிதருக்கு மனவுறுதி இல்லை என்று அங்கே யாரும் பழி போடவில்லை. அவரைச் சுற்றியிருந்த கடையும் சமையலறையும் மாறின.

உப்பும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டில் அளந்து போடலாம். பாக்கெட்டில் வருவதை யார் அளப்பது? சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த ஆய்வில், ரத்த அழுத்தத்தை ஏற்றும் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இந்த உப்பு சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது, அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை, கால் பக்கத்துக்குப் பெரிய எழுத்தில், பி.பி. பார்க்க எப்படி உட்கார வேண்டும், சர்க்கரை உள்ளவர் பாதத்தை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது போல ஒரு விஷயத்தை மட்டும் போடுங்கள். செவிலியரும் நானும் அதை வெட்டி எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போவோம். அம்மாவுக்கு இப்போது குனிய முடிவதில்லை. தினமும் இரவு தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்து அடிப்பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். பாதம் சோதிப்பதிலிருந்தே ஆரம்பித்தீர்கள் என்றால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகி