கூப்பிட்டவரைக் கேளுங்கள்

ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், 11 ஊராட்சி ஒன்றியங்களின் வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கும் வணக்கம்.

நம் மாவட்டத்துக் கடற்கரை ஊராட்சி ஒன்றில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உள்ளாட்சி ஊழியர்களும் கட்சி அரசியலும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் அடிபம்பை அடித்தால் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்கக் காவிரித் தண்ணீர், அதுவும் முறை வைத்துத்தான். ஒரு சட்டமன்றத் தேர்தல் நேரம். அன்றைக்கு எங்கள் முறை. தொட்டி இயக்குபவர் வால்வு சாவியோடு கிளம்பியவரை ஒரு கட்சிக்காரர் நிறுத்தினார். "தலைவர் வர்றாரு, ரோட்டோரம் கொடி ஊன்ற ஆள் பத்தல, வா." அவர் போனார். போகாமல் இருக்க முடியாது. மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா என்பது கூப்பிட்டவரின் வாயில் இருந்தது. திரும்பி வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. தள்ளுவண்டிகளில் குடங்கள் தெருமுனை வரை நின்றன. பெண்கள் அவரைத்தான் ஏசினார்கள்.

அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள், கொடி ஊன்றிய போட்டோவோடு. விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ போனது. அதை எழுதியவன் நான்தான். கூப்பிட்டவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மெமோவை அவர் கையில் கொடுத்தபோது, "நான் என்ன சார் செய்ய?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விதி இல்லாமல் இல்லை. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. கட்சியில் உறுப்பினராக இருக்கக்கூடாது, பிரசாரம் செய்யக்கூடாது. ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று காட்டிக்கொள்ளக்கூடாது. அந்தப் புத்தகம் என் மேசைக்கு வந்தது. தொகுப்பூதியத்தில் இருந்த தூய்மைக் காவலர் கைக்கு அதிலிருந்து ஒரு துண்டுச் சீட்டுகூட வந்ததில்லை. என்ன செய்யக்கூடாது என்று அவருக்குத் தெரிய வந்ததே மெமோ வந்த பிறகுதான்.

ஊராட்சித் தேர்தலில் இது இன்னும் சிக்கல். 2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் இரண்டு கட்டமாக நடந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். மாவட்டக் கவுன்சிலருக்கான மஞ்சள் சீட்டிலும் ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டிலும் கட்சிச் சின்னம் உண்டு. தலைவருக்கான ரோஸ் சீட்டில் கிடையாது. சட்டப்படி ஊராட்சித் தலைவருக்குக் கட்சி இல்லை. ஆனால் அவர் எந்தக் கட்சி என்று ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதனால், "இது கட்சி வேலை இல்லப்பா, தலைவர் வீட்டு வேலை" என்று சொல்லிக் கூப்பிடுவார்கள். நாற்காலி போடுவது, பந்தக்கால் நடுவது, ஆட்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் தலைவர் வீட்டு வேலை ஆகிவிடும். எந்த விதியை எடுத்து மறுப்பது?

அப்புறம் சுவர்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் அரசுச் சுவர்களில் உள்ள சின்னங்களை 24 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும். சுண்ணாம்பு வாளியோடு போவது அதே தூய்மைப் பணியாளர்தான். ஒரு கட்சியின் சின்னத்தைக் காலையில் அழித்தார், இன்னொரு கட்சியின் சின்னத்துக்கு மத்தியானம்தான் வந்தார் என்பதற்காக எங்கள் ஊரில் ஒரு அம்மாவை "நீ அவனுங்க ஆளு" என்று சந்தையில் வைத்துத் திட்டினார்கள். எந்தச் சுவர் முதலில் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவர் அந்தத் தாளைக் காட்டியிருப்பார்.

ஊழியர்கள் எல்லாம் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. கட்சிப் பதவிக்காரர் போலவே நடந்துகொண்ட செயலர்களை நான் பார்த்திருக்கிறேன். வரி ரசீது போடுவதில்கூட ஆள் பார்ப்பார்கள். அவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள், சரி. ஆனால் விரும்பிச் செய்பவரையும் பயந்து செய்பவரையும் ஒரே மெமோவால் அடிக்காதீர்கள்.

தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபின், தனி அலுவலர்களாக ஊராட்சிப் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலர்களிடம் வந்தது. யாரை யார் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பதை நீங்களே பக்கத்தில் இருந்து பார்த்திருப்பீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எளிய தமிழில் ஒரு பக்கம் ஒட்டுங்கள். தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர், தொகுப்பூதியக்காரர் எல்லாருக்கும் அது பொருந்தும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கட்சி வேலைக்குக் கூப்பிட்டால் எந்த அலுவலரிடம் சொல்ல வேண்டும் என்பதையும், மறுத்ததற்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது என்பதையும் அதிலேயே உத்தரவாகப் போடுங்கள். புகார் வந்தால் முதல் கேள்வி "யார் கூப்பிட்டது?" என்று இருக்கட்டும். அந்த மெமோவில் நான் எழுதாமல் விட்ட கேள்வி அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஊராட்சி செயலர் ஒருவர்